பெரிய அளவு ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டர் மாதிரியை அடியிலிருந்து கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஹெலிகாப்டர் மாதிரியை அடியிலிருந்து கட்டுவது என்றால் எல்லாப் பாகங்களையும் நாமே செய்வதா?

அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வடிவமைப்பும் கணக்கும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். சட்டகம், உடற்கூடு, வால் அமைப்பு, கால்கள் ஆகியவை உங்கள் பட்டறையில் உருவாக வேண்டும். பேரிங், சர்வோ (கட்டளைக்கேற்பக் கட்டுப்பாட்டுக் கம்பிகளை அசைக்கும் சிறு மோட்டார்), மோட்டார், மின்னணுச் சாதனங்கள் போன்றவற்றை எவரும் தாமே செய்வதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவைதான் விவாதத்துக்கு உரியவை: ரோட்டர் தலை (சுழலும் பிளேடுகளை ஷாஃப்ட்டோடு இணைக்கும் நடுப்பகுதி), பிளேடு, கியர். இவற்றுள் எதைத் தாமே செய்யலாம், எதை வாங்கியே தீர வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்பவர்தான் வேலையைக் கடைசிவரை கொண்டுபோகிறார். என் கருத்தில், ரோட்டர் சுழலும்போது இழுவிசையைத் தாங்கும் எந்தப் பாகத்தையும், அதன் உலோகம் எந்த வகை, எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாமல் செய்யக் கூடாது.

எந்த ஹெலிகாப்டரை, எந்த அளவில் தேர்ந்தெடுப்பது?

பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் பின்னால் சிக்கல் வரும். ரோட்டரின் விட்டத்திலிருந்து தொடங்குவதே சரியான வழி. ஏறத்தாழ 2 மீட்டர் விட்டம் என்பது, தனி ஒருவர் தூக்கிச் செல்லவும் பழுது பார்க்கவும் இயலக்கூடிய பெரிய அளவின் தொடக்கம். பெல் 206 ஜெட்ரேஞ்சரின் ரோட்டர் விட்டம் 10.16 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கில் அது 2.03 மீட்டர் ஆகிறது. ஹியூஸ் 500டி வகையின் விட்டம் 8.05 மீட்டர், நான்கில் ஒரு பங்கில் அதுவும் ஏறக்குறைய 2 மீட்டரில் வந்து நிற்கிறது. ஆனால் அதற்கு ஐந்து பிளேடுகள். ஜெட்ரேஞ்சருக்கு இரண்டு மட்டுமே. 14.63 மீட்டர் விட்டமுள்ள யூஎச்-1எச் வகையை ஆறில் ஒரு பங்கில் கட்டினால் 2.44 மீட்டர் வரும். அதை ஏற்றிச் செல்ல வண்டியும் பெரிதாக வேண்டும்.

முதல் முயற்சிக்கு இரண்டு பிளேடுகள் கொண்ட வகையையே நான் பரிந்துரைப்பேன். பிளேடுகளின் எண்ணிக்கை கூடக் கூட, தலையில் உள்ள பாகங்கள், சமநிலைப்படுத்தும் வேலை, செலவு ஆகிய மூன்றும் சேர்ந்தே கூடுகின்றன. இந்தப் பக்கத்தில் இனி வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஜெட்ரேஞ்சரையே எடுத்துக்கொள்கிறேன்.

மாதிரியின் எடை எவ்வளவு இருக்கலாம்?

நீள அளவுகள் ஐந்தில் ஒன்றாகக் குறையும்போது பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகவும், கன அளவு நூற்றிருபத்தைந்தில் ஒன்றாகவும் குறைகின்றன. உண்மையான பெல் 206பி வகையின் உச்ச எடை 1,451 கிலோ. அதை 125ஆல் வகுத்தால் 11.6 கிலோ வருகிறது. அந்த அளவில் இருக்கும் மாதிரி காற்றில் அசையும் விதமும் திரும்பும் விதமும் பெரிய ஹெலிகாப்டரை ஒத்திருக்கும். எனவே 12 கிலோவை வரம்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் செய்யும் முன்பே அதற்கான எடையைத் தாளில் ஒதுக்கிவிட வேண்டும். இயந்திரப் பகுதிக்கு 4.5 கிலோ, பேட்டரிக்கு 1.5 கிலோ, உடற்கூட்டுக்கு 3.5 கிலோ என்பது போன்ற ஒரு பட்டியல் கண்முன் இருந்தால், வண்ணப்பூச்சும் உள் அலங்காரமும் சத்தமின்றிச் சேர்க்கும் எடை கணக்கில் உடனே தெரிந்துவிடும். பல நாடுகளில் 25 கிலோவைத் தாண்டும் மாதிரிகளுக்குத் தனி அனுமதி தேவைப்படுகிறது; உங்கள் நாட்டு விதியைத் தொடக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

ரோட்டர் என்ன வேகத்தில் சுழல வேண்டும்?

வடிவமைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உண்மையான ஜெட்ரேஞ்சரின் ரோட்டர் நிமிடத்துக்கு 394 முறை சுழல்கிறது. பிளேடு முனையின் வேகம் நொடிக்குச் சுமார் 210 மீட்டர். இயக்கங்கள் ஒத்திருக்க வேண்டும் என்ற கணக்கின்படி, மாதிரியின் சுழற்சி வேகம் அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக வேண்டும். ஐந்தின் வர்க்கமூலம் 2.236 என்பதால் நிமிடத்துக்கு 881 சுழற்சி வருகிறது. தாளில் இது பொருத்தமாகத் தெரிந்தாலும், சிறிய பிளேடு காற்றைக் கையாளும் விதம் வேறு. பெரிய பிளேட்டின் அகலம் 33 செ.மீ.; மாதிரியில் அது 66 மி.மீ. மட்டுமே. அகலமும் வேகமும் ஒருசேரக் குறைவதால், பிளேட்டைச் சுற்றியோடும் காற்றின் ரேனால்ட்ஸ் எண் (காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. அந்த நிலையில் பிளேடு தரக்கூடிய உச்சத் தூக்குவிசை குறைந்து, இழுவை கூடிவிடுகிறது. 881 சுழற்சியில் வெறுமனே மிதந்து நிற்கும் ஹோவர் நிலைக்கே பிளேட்டின் சராசரித் தூக்குக் கெழு (குறிப்பிட்ட பரப்பும் வேகமும் உள்ள பிளேடு எவ்வளவு தூக்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.5 வரை ஏறும். திருப்பத்திலோ திடீர் காற்றிலோ மீதம் வைத்துக்கொள்ள எதுவும் இராது.

நிமிடத்துக்கு 1,100 சுழற்சிக்குக் கொண்டுவந்தால் முனை வேகம் நொடிக்கு 117 மீட்டர் ஆகிறது; அந்தக் கெழு 0.32 அளவுக்கு இறங்குகிறது. இது பாதுகாப்பான இடைவெளி. பறப்பும் கனமாக, பெரிய ஹெலிகாப்டரின் தோரணையோடு இருக்கும். 1,500க்கு மேல் ஓட்டினால் கட்டுப்பாடு கூர்மையாகும் என்பது உண்மையே. ஆனால் விசைகள் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்தக் கூர்மைக்குத் தலையும் பேரிங்கும் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த வேகத்தில் ரோட்டர் தலை எவ்வளவு விசையைத் தாங்குகிறது?

ஒரு பிளேட்டின் எடை 350 கிராம், அதன் எடை மையம் ஷாஃப்ட்டின் நடுவிலிருந்து 55 செ.மீ. தொலைவில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். 1,100 சுழற்சியில் அந்தப் பிளேடு வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 2,550 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 260 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இரு பக்கமும் இந்த இழுவை ஓயாமல் இருக்கிறது. ஸ்பிண்டில் (தலையின் குறுக்கே சென்று இரு பிளேடு பிடிகளையும் தாங்கும் தண்டு) போல்ட்டின் மரையில் உள்ள ஒரு கீறலையோ, கூர்மையாக விடப்பட்ட ஓர் உள்முனையையோ இந்த விசை தேடிப் பிடித்துவிடும். உலோகச் சோர்வால் வரும் முறிவு முதல் நாளில் வருவதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பத் தொடங்கிய பிறகே வருகிறது. ஆகவே, வடிவமைக்கும்போது ஓடுவேக விசையின் நான்கு மடங்குக்குக் குறையாமல் தாங்குதிறன் வையுங்கள். விட்டம் மாறும் இடங்களில் கூர்மையான மூலை இல்லாமல் வளைவு விடுங்கள்.

ரோட்டர் தலையைச் சொந்தமாகச் செய்யலாமா?

லேத்தும் மில்லிங் இயந்திரமும் கையாளத் தெரிந்தவர்கள் செய்யலாம். நடு ஹப்புக்கும் பிளேடு பிடிகளுக்கும் 7075 டி6 அலுமினியக் கலவை ஏற்றது; எளிதில் கிடைக்கும் 6061 வகையின் வலிமை அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஸ்பிண்டிலுக்குக் கடினப்படுத்தப்பட்ட எஃகு வேண்டும். அதன் இரு முனைகளையும் பிடிக்கும் போல்ட்டுகளை நம்பகமான இடத்திலிருந்து, உயர்தர வகையில் மட்டுமே வாங்க வேண்டும்.

பிளேடு பிடியின் உள்ளே இருந்து வெளிநோக்கிய இழுவிசையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கைப் பொருத்தும் திசையில் பலர் குழம்புகிறார்கள். அதன் இரண்டு வளையங்களில் ஒன்றின் துளை சற்றே பெரிது. பெரிய துளையுள்ள வளையம் ஹப்பை நோக்கி உட்பக்கமாகவும், சிறிய துளையுள்ளது போல்ட்டின் தலையை நோக்கி வெளிப்பக்கமாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சிறிய துளையுள்ள வளையம் ஸ்பிண்டிலோடு உரசிக்கொண்டு, பிட்ச் (பிளேட்டின் சாய்கோணம்) கட்டுப்பாடு இறுகும். சர்வோக்கள் வீணாகச் சூடேறும்.

பிளேடுகளையும் நானே செய்ய விரும்புகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

இந்த ஒரு பாகத்தை மட்டும் முதல் ஹெலிகாப்டருக்கு வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். அப்படியும் செய்வதென்றால், மூன்று செய்திகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிளேட்டின் எடை மையம், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கில் அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒரு வேகத்துக்கு மேல் பிளேடு தானாகவே முறுக்கி அதிரத் தொடங்கும். அதற்காகவே முன்விளிம்பின் உள்ளே கனமான உலோகக் கம்பி பதிக்கப்படுகிறது. அந்தக் கம்பி வெளியே பறந்துவிடாதபடி, முனைவரை தொடர்ந்து செல்லும் இழைகளால் அது பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வேரிலுள்ள போல்ட் துளையைச் சுற்றி கார்பன் இழைகள் கண்ணிபோல் வளைந்து திரும்பிச் செல்ல வேண்டும். நேராக அடுக்கிய இழைகளில் வெறும் துளையிட்டு விட்டால் அந்த இடம் கிழியும்.

சமநிலைப்படுத்துவதில் வரிசை முக்கியம். முதலில் இரு பிளேடுகளின் எடை மையமும் நீளவாக்கில் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே, அந்த மையப் புள்ளியில் மெல்லிய ஒட்டுநாடாவைச் சுற்றி எடையைச் சமப்படுத்துங்கள். இந்த வரிசையை மாற்றினால், தராசில் சமமாக இருக்கும் பிளேடுகள் சுழற்சியில் சமமாக இருக்கமாட்டா.

ஃபிளைபார் அவசியமா?

இன்று அவசியம் இல்லை. ஃபிளைபார் எனப்படும், ரோட்டரோடு சேர்ந்து சுழலும் நிலைப்படுத்தும் தண்டின் வரலாறு மாதிரிகளோடே பிணைந்தது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆர்தர் யங் அந்தக் கருத்தை முதலில் சிறிய மாதிரிகளில் சோதித்து நிறுவினார். 1941இல் பெல் நிறுவனத்தில் சேர்ந்த பின், அதுவே பெல் 47 ஹெலிகாப்டரின் அடிப்படையாயிற்று. 1946 மார்ச் 8 அன்று பொதுப் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அது. இன்று மூன்று அச்சு கைரோக்கள் (சுழலும் அசைவை உணரும் கருவிகள்) கொண்ட மின்னணு அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. தலை எளிமையாகிறது, தோற்றமும் அசலுக்கு நெருங்குகிறது. ஆனால் பெரிய ரோட்டர் மெதுவாகவே பதில் தருவதால், சிறிய ஹெலிகாப்டருக்கான உணர்திறன் மதிப்புகளை அப்படியே போட்டால் உடல் முழுவதும் ஊசலாடும். குறைந்த மதிப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

என்ன சக்தியுள்ள மோட்டார் தேவை?

12 கிலோ எடையை 2.03 மீட்டர் ரோட்டரால் ஹோவரில் நிறுத்த, எந்த இழப்பும் இல்லாத கற்பனை நிலையில் 460 வாட் போதும். உண்மையான ரோட்டரின் திறனை 60 விழுக்காடாகக் கொண்டால் அது 760 வாட் ஆகிறது. வால் ரோட்டர், கியர் உராய்வு, மோட்டாரின் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,000 முதல் 1,100 வாட் வரை எடுக்க வேண்டும். ஏறுவதற்கும் காற்றைச் சமாளிப்பதற்கும் இதன் மூன்று மடங்கைத் தடுமாறாமல் தரக்கூடிய மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். 12 செல், 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரியில் 222 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால் சுமார் 10 நிமிட ஹோவர் கிடைக்கும்.

பெட்ரோல் எஞ்சினும் சிறிய டர்பைனும் நீண்ட நேரம் பறக்கவைக்கும். வெப்பம், அதிர்வு, எரிபொருள் தொட்டி என்று அவற்றின் தேவைகள் சட்டகத்தின் வடிவமைப்பையே மாற்றிவிடுவதால், முதல் கட்டுமானத்துக்கு மின்மோட்டாரே நல்லது.

கியர் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

மோட்டாரின் கே.வி. மதிப்பை (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பதை) மின்னழுத்தத்தால் பெருக்குங்கள். 250 கே.வி. மோட்டார், 44.4 வோல்ட் என்றால் 11,100 சுழற்சி. சுமை ஏறியதும் அது 10,000 அளவுக்கு இறங்கும். வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னருக்குக் கைவசம் இடம் வேண்டும் என்பதால், அதில் 85 விழுக்காட்டை, அதாவது 8,500ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8,500ஐ 1,100ஆல் வகுத்தால் 7.7 என்ற விகிதம் வருகிறது. இதை ஒரே கட்டக் கியரில் பெற்றுவிடலாம். பெரிய கியருக்குள் ஒருவழி பேரிங் கட்டாயம் இருக்க வேண்டும். மோட்டார் நின்றாலும் ரோட்டர் தடையின்றிச் சுழன்று, ஆட்டோரொட்டேஷனில் (கீழிருந்து வரும் காற்றாலேயே ரோட்டர் சுழலும் நிலையில்) இறங்க வழிசெய்வது அதுதான். அந்த நிலையிலும் வால் ரோட்டர் சுழல வேண்டும். எனவே வாலுக்கான இயக்கத்தை ஒருவழி பேரிங்குக்கு ரோட்டர் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

ரோட்டர் எந்தப் பக்கம் சுழல வேண்டும்?

மேலிருந்து பார்க்கும்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் ரோட்டர் இடஞ்சுழியாகவும், பிரெஞ்சு, ரஷ்ய வகைகளில் பெரும்பாலானவற்றின் ரோட்டர் வலஞ்சுழியாகவும் சுழல்கின்றன. கடையில் கிடைக்கும் மாதிரி இயந்திரப் பகுதிகள் பெரும்பாலும் வலஞ்சுழி. ஜெட்ரேஞ்சரை அசல்போல் சுழலவைக்க வேண்டுமென்றால் ஒருவழி பேரிங்கின் திசை, பிளேடு பிடிகளின் நெம்புகோல் பக்கம், வால் ரோட்டரின் தள்ளுதிசை, கைரோவின் அமைப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சமச்சீர் வடிவப் பிளேடுகளைத் திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். வளைவுள்ள வடிவப் பிளேடுகளுக்கு அது பொருந்தாது.

வால் இயக்கத்துக்கு எது சிறந்தது?

பெல்ட் எளிது, அமைதியானது; ஆனால் இவ்வளவு நீளத்தில் அதன் இழுவையைச் சீராக வைத்திருப்பது கடினம். நான் குழாய் ஷாஃப்ட்டையே விரும்புகிறேன். வால் ரோட்டர் முதன்மை ரோட்டரைவிட ஐந்து மடங்கு வேகத்தில் சுழன்றால் நிமிடத்துக்கு 5,500 சுழற்சி வரும். தாங்கல் இல்லாத நீளமான ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வில்லாக வளைந்து அடிக்கத் தொடங்கும். இடையிடையே ரப்பர் வளையத்தில் அமர்ந்த பேரிங்குகளை வைத்தால் அது தடுக்கப்படும். அந்தப் பேரிங்குகளைச் சம இடைவெளியில் வைக்காமல் சற்று மாற்றி வைப்பது அதிர்வைக் குறைக்க மேலும் உதவும்.

உடற்கூட்டை எப்போது தொடங்கலாம்?

இயந்திரப் பகுதி திறந்த சட்டகமாகவே பறந்து, அதிர்வெல்லாம் அடங்கிய பிறகு. அழகான கூட்டுக்குள் அடைத்துவிட்ட கியரையோ இணைப்பையோ எவரும் அடிக்கடி பார்ப்பதில்லை.

கூடு எந்த விசையையும் தாங்கக் கூடாது. வாலின் சுமை, உள்ளே செல்லும் கார்பன் அல்லது அலுமினியக் குழாயிலும், கால்களின் சுமை சட்டகத்திலும் இறங்க வேண்டும். நுரைப் பலகையில் மூல வடிவத்தைச் செதுக்கி, மெருகிட்டு, அதிலிருந்து இரண்டு பாதியாக அச்சு எடுங்கள். அச்சுக்குள் சதுர மீட்டருக்கு 80 கிராம் கண்ணாடி இழைத் துணி ஓர் அடுக்கு, 160 கிராம் துணி இரண்டு அடுக்கு என எபாக்ஸி பிசினில் படியவைத்தால் போதிய விறைப்பு கிடைக்கும். திறப்புகளின் ஓரத்தில் மட்டும் கூடுதல் பட்டை கொடுங்கள். பேட்டரிக்கும் கியருக்கும் கைபோகும் அளவு கதவும், மோட்டாருக்குக் காற்று வந்துபோகும் வழியும் முதலிலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். எடை மையம் ரோட்டர் ஷாஃப்ட்டின் நேர்க்கீழே அல்லது சில மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும்; வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பல கிராம் சேர்க்க நேரும் என்பதால், பின்பகுதியை மெலிதாகக் கட்டுங்கள்.

முதல் ஓட்டத்தை எப்படி நடத்துவது?

பிளேடுகள் இல்லாமல் தொடங்குங்கள். முழு வேகத்தில் ஓட்டி, பேரிங்குகளின் சூட்டையும் கியரின் ஓசையையும் கவனியுங்கள். பிறகு பிளேடுகளைப் பொருத்தி, பிட்ச் சுழியத்தில், படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். 1,100 சுழற்சியில் இந்த ரோட்டரில் சேமிப்பாகும் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். 12 கிலோ எடையை 14 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெளிப்படும் ஆற்றல் அது. ஆகவே நீங்கள் 15 மீட்டர் தள்ளி, பிளேடுகள் சுழலும் தளத்துக்கு நேராக இல்லாத இடத்தில் நில்லுங்கள். பார்வையாளர்கள் அதற்கும் வெகுதூரம் பின்னால் இருக்கட்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரை அமைத்து, அது உண்மையில் நிற்கிறதா என்று பிளேடுகள் இல்லாத நிலையில் சோதித்திருக்க வேண்டும்.

ஹெலிகாப்டரைத் தரையோடு இறுக்கிக் கட்டிவைத்து ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கால்களின் நெகிழ்வு மாறிவிடுவதால், இயல்பில் இல்லாத அதிர்வு தோன்றி, நொடிகளில் வளர்ந்து சட்டகத்தையே உடைக்கக்கூடும். தரையில் ஆட்டம் கூடுவதாகத் தோன்றினால் தயங்காமல் மோட்டாரை நிறுத்துங்கள்.

அதிர்வு வருகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிர்வெண்ணை அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும். நொடிக்கு 18 என்ற அளவில் இருந்தால் அது முதன்மை ரோட்டரின் ஒரு சுற்றுக்கு ஒன்று: பிளேடுகளின் எடைச் சமநிலையோ, அவை சுழலும் பாதையோ சரியில்லை. பிளேடு முனைகளில் வெவ்வேறு வண்ண நாடா ஒட்டி, ஹோவரில் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொன்னால் எது உயர்ந்து பறக்கிறது என்று தெரியும். இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருகி அதைச் சரிசெய்யலாம். நொடிக்கு 37 என்றால், இரண்டு பிளேடு ரோட்டருக்கு இயல்பாகவே உள்ள துடிப்பு. அது அளவு மீறினால் தலையில் அதிர்வைத் தணிக்கும் டாம்பர் ரப்பர்களின் கடினத்தையும், கூட்டைச் சட்டகத்தோடு இணைக்கும் இடங்களையும் பாருங்கள். நொடிக்கு 90க்கு மேல், கைவிரலில் கூச்சமாக உணரப்படும் நுண்ணதிர்வு வால் ரோட்டருடையது. தளர்ந்துகொண்டே வரும் திருகுகள் பெரும்பாலும் அதன் அடையாளம்.

பறக்கத் தொடங்கிய பின் எவற்றை, எப்போது சோதிக்க வேண்டும்?

முதல் சில பறப்புகளில், ஒவ்வொன்றும் முடிந்ததும் பந்து இணைப்புகள், உலோகத்தோடு உலோகம் சேரும் எல்லாத் திருகுகள், பிளேடு போல்ட்டுகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். திருகுகளுக்கு நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை போட்டு, தலையில் ஒரு வண்ணக்கோடும் இட்டுவைத்தால், தளர்ந்தது பார்த்த அளவிலேயே தெரியும். பெரிய கியரின் பற்களில் வெண்மை படர்ந்தாலோ தூள் சேர்ந்தாலோ இடைவெளி தவறு என்று பொருள். திரஸ்ட் பேரிங்குகளைக் குறித்த கால இடைவெளியில் கழற்றி, துடைத்து, புதிய கிரீஸ் இடுங்கள். ஸ்பிண்டிலை உருட்டிப் பாருங்கள்; நிலத்தில் பிளேடு பட்ட எந்த நிகழ்வுக்குப் பின்னும் ஸ்பிண்டிலையும் அதன் போல்ட்டுகளையும், வளைவு தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். கார்பன் பிளேடுகளை நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வேரிலிருந்து முனைவரை வந்தால், உள்ளே அடுக்கு விட்ட இடத்தில் ஓசை மங்கும். அப்படிப்பட்ட பிளேட்டை ஒட்டிச் சரிசெய்யாமல் இணையோடு சேர்த்துக் கழித்துவிட வேண்டும்.